வரிசையில் நின்றவர்கள் யார்?

கேமராவுக்குப் பின்னால் – 23

ஒரு பெரிய விளம்பரப் பலகை. அதில் ஒரு கார். காருக்குள் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூடவே ஒரு நாய். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. 'உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத் தரம்' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. 'அமெரிக்க வழிக்கு ஈடாக வேறு வழி இல்லை' என்று பக்கத்தில் இன்னொரு வாசகம்.

அந்தப் பலகைக்குக் கீழே ஒரு நீண்ட வரிசை. கறுப்பின ஆண்கள், பெண்கள், சிறுவர்கள். கையில் கூடை, பை, வாளி. குளிருக்குக் கனமான கோட்டு. இவர்கள் முகத்தில் சிரிப்பு இல்லை.

இந்தப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். 1930-களில் அமெரிக்காவை ஆட்டிவைத்த பெரும் பொருளாதார வீழ்ச்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதை எடுத்துப் போடுவார்கள். 'வேலையில்லாதவர்கள் சோற்றுக்கு வரிசையில் நிற்கிறார்கள்' என்று குறிப்பும் எழுதிவிடுவார்கள்.

ஆனால், உண்மை வேறு. இது வெள்ள நிவாரணத்துக்காக நின்ற வரிசை. 1937 ஜனவரியில் ஒஹையோ ஆறு கரை புரண்டு, கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தை மூழ்கடித்தது. வீட்டில் தண்ணீர் புகுந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள்தான் அந்தக் கூடையோடும் வாளியோடும் நின்றார்கள்.

படத்தை எடுத்தவர் மார்கரெட் போர்க்-ஒயிட். அப்போது அவருக்கு 32 வயது. புயல், வறட்சி, வெள்ளம், போர் என்று எங்கே பெரிய அழிவு நடந்தாலும் அங்கே கேமராவோடு போய் இறங்கியவர். நம் ஊர் பாடப்புத்தகங்களிலும் சுவர்களிலும் இருக்கும் 'ராட்டைக்குப் பின்னால் காந்தி' படத்தை எடுத்தவரும் இவர்தான்!

பாம்பு வளர்த்த பெண்

1904 ஜூன் 14 அன்று நியூயார்க்கில் பிறந்தவர் மார்கரெட். அப்பா ஜோசப் ஒயிட் அச்சு இயந்திரங்களை வடிவமைக்கும் பொறியாளர். கேமரா மீது அவருக்குத் தீராத ஆசை. மகளுக்கோ பாம்பு, தவளை, ஆமை மீதுதான் ஆசை. வளர்ந்து பெரியவளானதும் பாம்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பதே அவருடைய கனவாக இருந்தது.

சிறுவயதில் ஒருமுறை அப்பா அவரை இரும்பு வார்ப்பாலைக்கு அழைத்துப் போனார். இருட்டில் திடீரென்று பொங்கி வழிந்த தீக்குழம்பைப் பார்த்து அந்தக் குழந்தை அசந்துபோனது. 1922-ல் அப்பா இறந்த பிறகுதான் மார்கரெட் கேமராவையே கையில் எடுத்தார். 1927-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு அவர் நேராகப் போனது கிளீவ்லாந்து நகரத்து எஃகு ஆலைகளுக்கு.

அந்தக் காலத்து பிலிமில் உருகிய இரும்பின் சிவப்பு வெளிச்சம் சரியாகப் பதியாது. எத்தனை முறை எடுத்தாலும் படம் இருட்டாகவே வந்தது. கடைசியில், திரைப்படக்காரர்கள் பயன்படுத்தும் மக்னீசியத் தீவட்டிகளைக் கொளுத்திப் பிடிக்கச் சொல்லி எடுத்தார். படம் வந்தது. பெயரும் வந்தது. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரான 'போர்க்'கையும், அப்பாவின் 'ஒயிட்'டையும் கோத்துத் தன் பெயராக்கிக்கொண்டார்.

'ஃபார்ச்சூன்' பத்திரிகை அவரை அழைத்தது. விளம்பரக் கம்பெனிகளும் போட்டி போட்டன. கார், டயர் என்று அவர் எடுத்த விளம்பரப் படங்களுக்கு நல்ல பணம். நியூயார்க்கில் கிரைஸ்லர் கட்டடத்தின் உச்சியில் ஸ்டூடியோ. எல்லாம் இருந்தது. அந்தப் படங்களில் இல்லாமல் இருந்தது ஒன்றுதான்... மனித முகம்! பல்சக்கரம், புகைபோக்கி, குழாய் என்று இயந்திரங்களின் அழகைத்தான் அவர் தேடித் தேடி எடுத்தார். மனிதர்கள் வந்தால், இயந்திரம் எவ்வளவு பெரியது என்று காட்ட வந்து நின்றதுபோல இருப்பார்கள்.

அதை மாற்றியது ஒரு வறட்சி.

மண் பறந்த நாள்கள்

1934-ல் அமெரிக்காவின் நடுப்பகுதி முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் படமெடுத்து வரச் சொன்னது 'ஃபார்ச்சூன்'. கையில் இருந்தது சில நாள் அவகாசம் மட்டுமே. வடக்கே டகோட்டா மாநிலங்களிலிருந்து தெற்கே டெக்ஸஸ் வரை பரந்து கிடக்கும் நிலம் அது. ரயிலில் போனால் ஆகாது என்று ஒரு சிறிய விமானத்தை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு கிளம்பினார் மார்கரெட்.

வறட்சி என்றால் கொஞ்சம் காய்ந்த வயலும் வெடித்த நிலமும் இருக்கும் என்று நினைத்துப் போனவருக்கு, அங்கே கண்ட காட்சி வேறு மாதிரி இருந்தது. விதைத்தது முளைக்கவில்லை. முளைத்தது நிற்கவில்லை. எலும்பும் தோலுமான மாடுகள். வானத்தையே பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த விவசாயிகள். மழை மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. நூற்றாண்டுகளாக மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்வெளியை, கோதுமை விலை ஏறிய காலத்தில் டிராக்டர் வைத்து உழுது புரட்டியிருந்தார்கள். புல் போனது. மழையும் பொய்த்தது. காற்று அடித்தபோது மண்ணைப் பிடித்து வைக்க எதுவுமே இல்லை. அந்த ஆண்டு மே மாதத்தில் கிளம்பிய ஒரு புழுதிப் புயல், பல நூறு மைல் தாண்டி நியூயார்க் நகரத்தின் வானத்தையே மங்கச் செய்தது.

அந்தப் படங்கள் 1934 அக்டோபர் 'ஃபார்ச்சூன்' இதழில் வந்தன. கட்டுரையை எழுதியவர் ஜேம்ஸ் ஏஜி. பிற்காலத்தில் தன் சுயசரிதையில் மார்கரெட் இந்தப் பயணத்தைத் திருப்புமுனை என்றே குறிப்பிட்டார். அதுவரை இயந்திரத்தின் பக்கத்தில் ஓர் அளவுகோலாக மட்டுமே தெரிந்த மனிதன், அந்தப் பயணத்தில்தான் அவருக்கு மனிதனாகத் தெரிந்தான்.

அடுத்த ஆண்டும் புழுதி ஓயவில்லை. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகலில் கரும்புழுதி மலைபோல எழுந்துவந்து ஊர்களை மூடியது. 'கறுப்பு ஞாயிறு' என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். அதே மாதத்தில் மண் பாதுகாப்புக்கென்று அமெரிக்க அரசு தனிச்சட்டம் கொண்டுவந்தது. மே மாதத்தில் 'தி நேஷன்' இதழில் மார்கரெட் ஒரு கட்டுரை எழுதினார். புழுதியில் கண் தெரியாமல் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடி விழுந்து சாகும் மாடுகளைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அறுத்துப் பார்த்தால் நுரையீரல் முழுக்க மண் அப்பிக் கிடந்ததாம். படம் எடுக்கப் போனவர் பேனாவையும் எடுக்கவேண்டி வந்ததற்கு அந்தக் காட்சிகள்தான் காரணம்.

துரத்திய கார்கள்

ஊருக்குத் திரும்பியதும் பழைய வேலை அப்படியே காத்திருந்தது. பளபளக்கும் கார், பளபளக்கும் டயர். ஒருநாள் அவருக்கு ஒரு கெட்ட கனவு வந்தது. பிரமாண்டமான கார்கள் வாயைப் பிளந்துகொண்டு அவரைத் துரத்துகின்றன. ஓட ஓட விடவில்லை. விழித்தெழுந்ததும் ஒரு முடிவெடுத்தார். இனிமேல் விளம்பரப் படம் வேண்டாம். மனதுக்கு முக்கியம் என்று தோன்றுவதை மட்டும் எடுப்போம்.

பிறகு, எழுத்தாளர் எர்ஸ்கின் கால்ட்வெல்லோடு சேர்ந்து அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஊர் ஊராகப் போனார். குத்தகை விவசாயிகளின் வறுமையைச் சொல்லும் அந்தப் புத்தகம் 1937-ல் வந்தது. பெரிய வரவேற்பு கிடைத்தது. கூடவே ஒரு குறையும் ஒட்டிக்கொண்டது. படங்களுக்குக் கீழே அந்த ஏழைகளே பேசுவதுபோல வாசகங்கள் இருந்தன. அவர்கள் அப்படிப் பேசவில்லை. புத்தகம் எழுதிய இருவரும் தாங்களே எழுதிச் சேர்த்தவை அவை. இதைப் புத்தகத்தின் முன்பக்கத்திலேயே அவர்கள் சொல்லியும்விட்டார்கள். ஆனாலும், 'அடுத்தவர் முகத்தைக் காட்டிவிட்டு நம் வார்த்தையை அவர் வாயில் திணிக்கலாமா?' என்ற கேள்வி இன்றுவரை அந்தப் புத்தகத்தை விடவில்லை.

இதற்கிடையே 1936 நவம்பர் 23 அன்று 'லைஃப்' பத்திரிகையின் முதல் இதழ் வெளியானது. அட்டையில் இருந்தது மார்கரெட் எடுத்த படம். மொன்டானா மாநிலத்தின் ஃபோர்ட் பெக் அணை. இரண்டே மாதத்தில் அதே 'லைஃப்' அவரை இன்னொரு தண்ணீரைப் பார்க்க அனுப்பியது. இது அணைக்குள் அடங்காத தண்ணீர்!

கடைசி விமானத்தில் வந்தவர்

1937 ஜனவரி முழுக்க ஒஹையோ ஆற்றுப் படுகையில் கொட்டித் தீர்த்தது மழை. ஆற்றோர ஊர்கள் வரிசையாக மூழ்கின. ஏறக்குறைய 385 பேர் இறந்தார்கள். சுமார் 10 லட்சம் பேர் வீடு இழந்தார்கள். லூயிவில் நகரத்தில் பாதிக்கும் மேலான பகுதி தண்ணீருக்குள் போனது. மின்சாரம் இல்லை. உள்ளூர் வானொலி நிலையம் இரவு பகலாக மீட்புச் செய்திகளை மட்டுமே வாசித்துக்கொண்டிருந்தது. இந்தத் தெருவுக்குப் படகு அனுப்புங்கள், அந்த வீட்டு மாடியில் ஆள் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகவரியாக.

மார்கரெட்டுக்குக் கிளம்ப ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. விமான நிலையத்தைத் தண்ணீர் மூடுவதற்கு முன்பு வந்து இறங்கிய கடைசி விமானத்தில் அவர் இருந்தார். அதற்குப் பிறகு நடந்து போகவும் முடியாது, காரில் போகவும் முடியாது. உணவுப் பொட்டலம் ஏற்றிப்போன துடுப்புப் படகுகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். ஒருமுறை ஒரு பெரிய தெப்பத்திலும் தொற்றிக்கொண்டு போனார்.

மிதக்கும் வீடு, முங்கிய கடைவீதி, படகில் வரும் மூதாட்டி. வெள்ளம் என்றால் எல்லோரும் எடுக்கும் படங்கள் அவை. மார்கரெட்டும் எடுத்தார். ஆனால், காலத்தை வென்று நிற்பது தண்ணீரே தெரியாத படம்! நிவாரண மையத்துக்கு வெளியே, காய்ந்த தரையில் நிற்கும் வரிசை.

அதில் இருக்கும் விளம்பரப் பலகை, அமெரிக்க உற்பத்தியாளர்கள் சங்கம் நாடு முழுக்க நிறுத்தி வைத்தது. அதைத் திட்டமிட்டு யாரும் அந்த வரிசைக்கு மேலே கொண்டுபோய் வைக்கவில்லை. பலகை அங்கே ஏற்கெனவே இருந்தது. வரிசை வெள்ளத்தால் அங்கே வந்தது. இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் வரும் இடத்தில் போய் நின்றார் மார்கரெட். பலகையில் சிரிப்பது வெள்ளைக்கார குடும்பம். கீழே நிற்பவர்கள் கறுப்பின மக்கள். கறுப்பினக் குழந்தையும் வெள்ளையினக் குழந்தையும் ஒரே பள்ளியில் படிக்கக் கூடாது என்று கென்டக்கியில் சட்டமே இருந்த காலம் அது.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை அப்படிப்பட்ட பளபளப்பான கார்களை விளம்பரத்துக்காக எடுத்துக்கொடுத்தவரும் இதே மார்கரெட்தான். கனவில் தன்னைத் துரத்திய கார், லூயிவில்லில் அவர் எதிரிலேயே வந்து நின்றது. இந்த முறை அதை யார் தலைக்கு மேலே காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1937 பிப்ரவரி 15 'லைஃப்' இதழில் படம் வெளியானது. காலம் போகப் போக 'வெள்ளம்' என்ற குறிப்பு உதிர்ந்து, படம் மட்டும் தனியாகச் சுற்ற ஆரம்பித்தது. வேலையில்லாத் திண்டாட்டத்தின் அடையாளமாக மாறியது. 1975-ல் பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்டு வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் அட்டையில்கூட இதைத் தழுவிய ஓவியம்தான். தவறான குறிப்போடு சுற்றினாலும் படம் ஒரு விஷயத்தைச் சரியாகவே சொன்னது. வெள்ளம் வடிந்துவிடும். அதற்கு முன்பும் பின்பும் அந்த வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

கப்பல் மூழ்கியது, கேமரா மிஞ்சியது

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941-ல் ஜெர்மனி விமானங்கள் மாஸ்கோ மீது குண்டு வீசியபோது அங்கே இருந்த ஒரே வெளிநாட்டுப் புகைப்படக்காரர் மார்கரெட். அடுத்து வட ஆப்பிரிக்கப் போர்முனைக்குப் போக வேண்டும். 'விமானத்தில் போவது ஒரு பெண்ணுக்கு ஆபத்து, கப்பலில் வரட்டும்' என்று முடிவு செய்தார்கள் ராணுவ அதிகாரிகள். 1942 டிசம்பரில், 'ஸ்ட்ராத்தலன்' என்ற அந்தக் கப்பலை நீர்மூழ்கியின் குண்டு தாக்கியது! பாதி தண்ணீர் நிறைந்த உயிர்காப்புப் படகில் நர்சுகளோடும் சிப்பாய்களோடும் இரவைக் கழித்தார். உடைமைகள் பெரும்பாலும் போய்விட்டன. கையோடு கொண்டுவந்த கேமராவால், விடிந்ததும் சக பயணிகளைப் படமெடுத்தார்.

அதற்குப் பிறகு விமானத்துக்குத் தடை சொல்ல அதிகாரிகளிடம் காரணம் இல்லை. 1943 ஜனவரி 22 அன்று குண்டுவீச்சு விமானத்தில் போருக்குப் பறந்தார். அமெரிக்க விமானப்படையோடு அப்படிப் போன முதல் பெண் அவர்.

ஆனால், போரை அவர் நெருக்கத்தில் பார்த்தது வானத்தில் அல்ல. இத்தாலியில், போர்முனையை ஒட்டி, கூடாரத்துக்குள் நடந்த ராணுவ மருத்துவமனையில். குண்டுச் சத்தம் நெருங்கும்போது நர்சுகள் தரையில் படுப்பார்கள். அடங்கியதும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து ரத்தம் ஏற்றுவார்கள். டார்ச் வெளிச்சத்தில் அறுவை சிகிச்சை நடக்கும். அடிபட்டு வந்த சிப்பாய்களையும் அவர்களைக் காப்பாற்றப் போராடிய டாக்டர்களையும் மார்கரெட் அங்கேயே தங்கிப் படமெடுத்தார்.

அந்தப் பிலிம் ராணுவத் தணிக்கைக்காக அமெரிக்கா போனது. பத்திரிகைக்கு வந்து சேரவே இல்லை. வழியில் எங்கோ தொலைந்துபோனது. தேடியும் கிடைக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்து எடுத்த படங்கள் போனதைவிட, அந்தக் கூடாரத்தில் நடந்ததை வீட்டில் இருப்பவர்கள் பார்க்க முடியாமல் போனதே என்ற ஆற்றாமைதான் அவருக்கு அதிகம். படமாகக் காட்ட முடியாததை எழுத்தில் சொன்னார். இத்தாலிப் போர்முனை பற்றிய அவருடைய புத்தகம் 1944-ல் வந்தது.

1945 ஏப்ரலில் புக்கன்வால்டு வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது உள்ளே போனார். கம்பிவேலிக்குப் பின்னால் நின்ற எலும்புக்கூடு மனிதர்களை எடுத்தார். எதிரில் இருந்த கொடூரத்துக்கும் தனக்கும் நடுவே கேமரா ஒரு மெல்லிய திரையாக இருந்ததால்தான் நிற்கவே முடிந்தது என்று பின்னாளில் எழுதினார்.

காந்தி வைத்த பெயர்

1946-ல் இந்தியா வந்தார். புனேயில் காந்தியைப் பார்க்கப் போனவரிடம், 'ராட்டை சுற்றத் தெரியுமா?' என்று கேட்டார் காந்தியின் செயலாளர். தெரியாது. 'ராட்டையைப் புரிந்துகொள்ளாமல் ராட்டை சுற்றுகிறவரை எப்படிப் படமெடுப்பீர்கள்?' கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. உட்கார்ந்து நூல் நூற்கக் கற்றுக்கொண்ட பிறகே உள்ளே விட்டார்கள். கண்ணைப் பறிக்கும் பிளாஷ் பல்போடு வரும் அவரைக் காந்தி செல்லமாக 'சித்ரவதைக்காரி' என்று அழைப்பாராம். 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுட்டுக் கொல்லப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு அவரைப் பேட்டி கண்டவரும் மார்கரெட்தான்.

1947-ல் பஞ்சாப் பிரிவினையின்போது, மூட்டை முடிச்சோடு நடந்த லட்சக்கணக்கான மக்களையும் அவர் எடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் நம் நெஞ்சை அடைக்கின்றன. ஆனால், அங்கும் ஒரு கறை உண்டு. களைத்துப்போய் நடந்த அகதிகளை, படம் சரியாக அமைய வேண்டும் என்று மறுபடி மறுபடி நடக்கச் சொன்னார் என்று, கூடச் சென்ற 'லைஃப்' நிருபர் லீ ஐட்டிங்கன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெரிய படம் எடுக்கிறவர் எல்லா நேரமும் பெரிய மனதோடு இருப்பார் என்று சொல்ல முடியாதுதானே!

வீடு திரும்பிய மகன்

1952. கொரியாவில் போர். மார்கரெட்டுக்கு 48 வயது. பீரங்கி, டாங்கி, வெற்றி தோல்வி எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தேடியது, போர் ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது என்பதை. தென்கொரிய மலைகளில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களும் அரசுப் படையும் மோதிக்கொண்டிருந்தன. ஒரே ஊர், ஒரே வீடு, அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்.

அங்கே ஓர் இளைஞரைச் சந்தித்தார். வீட்டை விட்டு ஓடிப்போய் கெரில்லாக்களோடு சேர்ந்தவர். மனம் மாறி, சரணடைந்திருந்தார். இப்போது ஊருக்குப் போக வேண்டும். ஆனால் பயம். வீட்டில் ஏற்பார்களா? மார்கரெட் அவரோடு கிளம்பினார்.

மகன் செத்துவிட்டான் என்றே நினைத்துக்கொண்டிருந்தார் அந்தத் தாய். திடீரென்று கண்ணெதிரே மகன் வந்து நிற்கிறான். நம்ப முடியாமல் அவனைக் கட்டிக்கொள்கிறார். அந்த நொடியில் எடுத்த படத்தில் துப்பாக்கி இல்லை. புகை இல்லை. யார் எந்தப் பக்கம் என்றும் தெரியாது. ஒரு அம்மா, ஒரு பிள்ளை.

1952 டிசம்பரில் 'லைஃப்' அந்தக் கதையை வெளியிட்டது. போருக்குப் போனவன் திரும்பி வருவது ஒரு நாள் செய்தி. திரும்பி வந்தவனை ஊர் எப்படிப் பார்க்கும், அவன் இரவில் எப்படித் தூங்குவான் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற வருடங்களின் கதை. இன்று போர்வீரர்கள் வீடு திரும்பிய பின்பு படும் பாட்டை வருடக்கணக்கில் கூடவே இருந்து படமெடுக்கும் புகைப்படக்காரர்கள் இருக்கிறார்கள். ஈராக்கிலிருந்து மனக்காயத்தோடு திரும்பிய ஒரு வீரரின் வாழ்க்கையைத் தொடர்ந்து எடுத்த 'டென்வர் போஸ்ட்' புகைப்படக்காரர் கிரெய்க் வாக்கருக்கு 2012-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. மார்கரெட் கொரிய மலைப்பாதையில் தேடிப்போனதும் இதையேதான்.

கேமரா பிடிக்க முடியாத கை

கொரியாவிலிருந்து வந்த காலத்திலேயே இடது காலில் ஒரு மந்தமான வலி. பிறகு நடை தள்ளாடியது. கை இறுகியது. பார்கின்சன் நோய்! ஷட்டரை அழுத்தும் விரல் ஒருநாள் சொன்ன பேச்சு கேட்காமல் போனால் ஒரு புகைப்படக்காரருக்கு என்ன மிஞ்சும்?

முதலில் வெளியே சொல்லவில்லை. காகிதத்தைக் கசக்கிக் கசக்கிப் பந்தாக்கி விரலுக்குப் பயிற்சி கொடுத்தார். பல மைல் நடந்தார். 1959-ல் மூளையில் அறுவை சிகிச்சை. அப்போது ஒரு முடிவெடுத்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் துயரத்தைப் படமெடுத்தவர், தன் துயரத்தைப் படமெடுக்க சக ஊழியரை அனுமதித்தார். போர் முடிந்த நாளில் நியூயார்க் வீதியில் ஒரு மாலுமி ஒரு பெண்ணை முத்தமிடும் புகழ்பெற்ற படத்தை எடுத்தாரே ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டாட், அவர்தான் எடுத்தார். மார்கரெட்டின் சிகிச்சையும் பயிற்சியும் 1959 ஜூனில் 'லைஃப்' பக்கங்களில் படங்களாக வந்தன. பார்கின்சன் என்ற பெயரையே பலர் ரகசியமாக வைத்திருந்த காலத்தில், நாட்டின் பிரபலமான பெண்ணொருவர் இது என் நோய் என்று முன்னால் வந்து நின்றார்.

கேமரா கையை விட்டுப் போனதும் எழுத்தைப் பிடித்துக்கொண்டார். 1963-ல் சுயசரிதை வந்தது. 1971 ஆகஸ்ட் 27 அன்று, 67-வது வயதில் காலமானார்.

லூயிவில் படத்தில் நின்றவர்களின் பெயர் அந்த இதழில் இல்லை. வெள்ளம் வடிந்து அவர்கள் எந்த வீட்டுக்குத் திரும்பினார்கள், அந்த வாளியில் என்ன வாங்கிக்கொண்டு போனார்கள் என்று படம் சொல்லாது. ஆனால், அவர்களைப் படத்துக்கு வெளியே தள்ளாமல், பலகையில் இருந்த காருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த ஒருவர் இருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் உங்கள் போனுக்கும் ஒரு நிவாரண வரிசைப் படம் வரும். ஃபார்வர்டு செய்வதற்கு முன்பு அது எந்த ஊர், எந்த வருடம் என்று ஒருமுறை பாருங்கள். அப்படியே, வரிசையின் கடைசியில் நிற்பவர் முகத்தையும்!

(அடுத்த வாரம்... இன்னொரு கேமரா, இன்னொரு கதை!)